கால்நடை மருத்துவ அறிவியலில் பிஎச்.டி.: விண்ணப்பம் முதல் வைவா வரை

எம்.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ முதுநிலைப் படிப்பு) கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் போன் செய்தால் முதலில் கேட்பது, "அண்ணா, பிஎச்.டி.க்கு எந்த யூனிவர்சிட்டி நல்லது?" என்றுதான். "எந்த விலங்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பெரும்பாலும் எதிர்முனையில் சத்தமே வராது.

வேதியியலில் ஆய்வு செய்பவர் குடுவையை எப்போது வேண்டுமானாலும் அடுப்பில் ஏற்றலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. பசு ஏறத்தாழ 280 நாள் சினை சுமக்கும், எருமை 310 நாள். நம் செமஸ்டர் முடிகிறதே என்று எதுவும் முன்கூட்டி ஈனாது. மூன்று வருடத்தில் முடியவேண்டிய படிப்பு ஐந்து, ஆறு வருடம் இழுத்தவர்களைப் பலர் பார்த்திருப்போம். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் நல்ல படிப்பாளிகள். விலங்கின் நாள்கணக்கைப் போட்டுப் பார்க்காமல் தலைப்பை எடுத்ததுதான் அவர்கள் செய்த ஒரே தப்பு. அதனால் இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாவற்றையும் சொல்வேன், ஆனால் அந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

1. இது உங்களுக்கு வேண்டுமா?

பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்ற கால்நடை மருத்துவ இளநிலைப் படிப்பு பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம். எம்.வி.எஸ்சி. இரண்டு வருடம். அதற்கு மேல் பிஎச்.டி. குறைந்தது மூன்று வருடம். பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து எண்ணினால் பத்தரை வருடம். எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் இந்தக் கணக்கும்.

கிளினிக் வைப்பதுதான் ஆசை என்றால் பிஎச்.டி. தேவையில்லை. டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசின் கால்நடை உதவி மருத்துவராகப் போகவும் இளநிலைப் பட்டம் போதும். கால்நடைக் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும், ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனங்களில் விஞ்ஞானியாக வேண்டும், தடுப்பூசி அல்லது தீவன நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போகவேண்டும் என்றால் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. "வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்கவேண்டாமே" என்று சேர்பவர்களை நான் ஊக்கப்படுத்துவதில்லை. இரண்டாம் வருடம் நடுவில் வேலை கிடைத்துவிடும், தீசிஸ் பாதியில் நிற்கும், ஆய்வுக்கென்று வாங்கிய ஆடுகள் மட்டும் பண்ணையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

கால்நடை மருத்துவம் படிக்காதவர்களுக்கும் சில துறைகளில் கதவு திறந்திருக்கிறது. உயிர்த்தொழில்நுட்பம், உயிர்வேதியியல், பால்வளம் சார்ந்த பிரிவுகளில் எம்.எஸ்சி. படித்தவர்களைச் சில நிறுவனங்கள் எடுக்கின்றன. மருத்துவம், அறுவை சிகிச்சை, ஈனியல் (சினை, ஈற்று சார்ந்த மருத்துவம்) போன்ற சிகிச்சைத் துறைகளுக்குக் கால்நடை மருத்துவப் பட்டம் கட்டாயம்.

2. விலங்கை வைத்துக் காலண்டர் போடுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் 36 கட்டங்கள் போடுங்கள், மாதத்துக்கு ஒன்று. முதல் 10, 12 கட்டங்கள் பாடங்களுக்கும் சினாப்சிஸுக்கும் (ஆய்வுத் திட்ட வரைவு) போய்விடும். கடைசி ஆறு கட்டங்கள் ஆய்வகப் பகுப்பாய்வுக்கும் எழுதுவதற்கும். விலங்குக்கென்று மிச்சம் இருப்பது சுமார் 18. அதிலும் விலங்கு நெறிக்குழுவின் அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களைக் கழித்தால் கையில் நிற்பது 12 முதல் 15 மாதம்தான்.

இப்போது விலங்கை அதில் பொருத்திப் பாருங்கள்.

பிராய்லர் கோழி ஐந்து ஆறு வாரத்தில் விற்பனை எடைக்கு வந்துவிடும். ஒரு சோதனை கெட்டுப்போனாலும் மறுபடி செய்ய நேரம் இருக்கும். முட்டைக்கோழியை முழு முட்டைப் பருவத்துக்கும் பார்க்கிறேன் என்றால் 72 வாரத்துக்கு மேல் போகும், கட்டங்கள் காலி.

செம்மறி ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள். எல்லா ஆட்டையும் ஒரே சமயத்தில் சினைப்பருவத்துக்குக் கொண்டுவந்து கிடா சேர்க்க ஒன்றிரண்டு மாதம், சினைக்கு ஐந்து மாதம், குட்டி பால் மறக்க மூன்று மாதம். பத்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். கட்டத்துக்குள் அடங்குகிறது. ஆனால் "இரண்டு ஈற்றையும் ஒப்பிடுவேன்" என்று சினாப்சிஸில் எழுதினால் அடங்காது.

எருமையில் சினை பிடித்ததிலிருந்து பால் வற்றும்வரை பார்க்க நினைப்பது மூன்று வருடத்துக்குள் அடங்குகிற ஆசை இல்லை. அதையே துண்டு போட்டு எடுக்கலாம். ஈனுவதற்கு முன் மூன்று வாரம், ஈன்ற பின் மூன்று வாரம். மாட்டின் உடலில் அத்தனை மாற்றமும் நடப்பது அந்த ஆறு வாரத்தில்தான். ஏற்கனவே நிறைசினையாக இருக்கும் மாடுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வருடத்துக்குள் போதுமான எண்ணிக்கை கிடைத்துவிடும்.

மரபியல் எடுப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டி பிறக்கும்வரை காத்திருக்க முடியாது. அவர்கள் பதிவேட்டை நம்பிப் போகவேண்டும். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம், நீலகிரியில் சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் பல வருடப் பிறப்பு எடை, வளர்ச்சிப் பதிவுகள் இருக்கும். தலைப்பு எடுக்கும் முன் நேரில் போய் அந்தப் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். நடுவில் விட்டுப்போன வருடங்கள் எத்தனை என்று உட்கார்ந்து எண்ணுங்கள்.

நோய் சார்ந்த ஆய்வுக்கு இன்னொரு காலண்டரும் இருக்கிறது. செம்மறி ஆட்டைத் தாக்கும் நீலநாக்கு நோய் இங்கே வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் தலைதூக்கும். நெறிக்குழு அனுமதி ஜனவரியில் கைக்கு வந்தால் அடுத்த அக்டோபர்வரை சும்மா உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

தலைப்பு எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். மடிவீக்க நோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசும் முறை தஞ்சாவூரில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையத்திலிருந்து பரவியது, தேசியப் பால்வள வாரியமும் அதைப் பரப்பியது. "இது வேலை செய்கிறதா?" என்பது பிஎச்.டி. தலைப்பாகாது, ரொம்ப அகலம். எந்தக் கிருமியால் வந்த மடிவீக்கத்தில், பூசிய எத்தனையாவது நாளில், பாலில் உள்ள உடற்செல் எண்ணிக்கை (மடியின் அழற்சியைக் காட்டும் அளவு) எவ்வளவு குறைகிறது? இப்படிக் கேட்டால் அதற்கு ஒரு சோதனையை வடிவமைக்க முடியும்.

3. கைடு, அப்புறம் இடம்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கியது. டானுவாஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அதன்கீழ் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலிருந்து இயங்குகிறது, நாமக்கல் கல்லூரி 1985இலிருந்து. கோழி எடுப்பவர்களுக்கு நாமக்கல்லைவிட வாகான இடம் தெற்கே இல்லை. வாசலைத் தாண்டினால் பண்ணைதான். கால்நடை உற்பத்தி சார்ந்த ஆய்வுகளுக்குக் காட்டுப்பாக்கம் முதுநிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

வெளியே போனால் உத்தரப் பிரதேசம் பரேலிக்குப் பக்கத்தில் இசத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். 1889இல் பூனாவில் ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, முக்தேஸ்வர் மலைக்குப் போய், பிறகு இசத்நகரில் நிலைகொண்டது. நோயியல், நுண்ணுயிரியல், தடுப்பூசி என்றால் அங்கே இருக்கும் வசதி வேறு. பால், மாட்டு ஊட்டச்சத்து, இனவிருத்தி என்றால் ஹரியானாவில் கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம். டிசம்பர் குளிரையும் சப்பாத்தியையும் ஒரு செமஸ்டர் சமாளித்துவிட்டால் பிறகு பழகிவிடும்.

ஆனால் இடத்தைவிடக் கைடுதான் முக்கியம். அவரைப் பற்றி மூன்று விஷயங்களை விசாரியுங்கள். இப்போது கையில் நிதியோடு ஓடும் ப்ராஜெக்ட் இருக்கிறதா? அவரிடம் கடைசியாக முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? உங்கள் படிப்பு முடியும் முன் அவருக்கு ஓய்வோ இடமாற்றமோ வருமா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். அவரிடம் படிக்கும் சீனியரை டீ குடிக்கக் கூட்டிப்போய்க் கேளுங்கள், எல்லாம் வந்துவிடும்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஐரோப்பாவின் பல நாடுகளில் பிஎச்.டி. என்பது சம்பளத்தோடு கூடிய வேலை, விளம்பரம் வரும், அதற்குத்தான் விண்ணப்பிக்கவேண்டும். அமெரிக்காவில் பேராசிரியரின் நிதியில் உதவியாளராகச் சேர்வது வழக்கம், அதனால் முதலில் பேராசிரியருக்கு எழுதுங்கள். ஐ.சி.ஏ.ஆர். தரும் நேதாஜி சுபாஷ் பன்னாட்டு ஆய்வு உதவித்தொகையும் இருக்கிறது. பொதுவான கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவதைவிட, அவர் கட்டுரையைப் படித்து நாலு பேருக்கு எழுதுவது மேல்.

4. நுழைவுத் தேர்வும் பணமும்

ஐ.சி.ஏ.ஆரின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சேரவும், மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒரு பங்கு இடங்களுக்கும் ஐ.சி.ஏ.ஆர். நடத்துவிக்கும் அகில இந்தியத் தேர்வை எழுதவேண்டும். பெயர் நீளம்: ஏ.ஐ.சி.இ. ஜே.ஆர்.எஃப்./எஸ்.ஆர்.எஃப். கணினி வழித் தேர்வு, கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பு உண்டு. மீதி இடங்களுக்குப் பல்கலைக்கழகம் தனியாக அறிவிப்பு வெளியிடும். இரண்டுக்கும் விண்ணப்பித்துவையுங்கள்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏ.எஸ்.ஆர்.பி. (வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம்) நடத்தும் நெட் தேர்வு உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு. அதில் தேறினால் உதவித்தொகை கிடைக்காது. பிஎச்.டி.க்கு இடமும் கிடைக்காது. வருடாவருடம் யாராவது ஒருவர் இதைத் தேர்வு முடிந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்.

உதவித்தொகையை முடிவு செய்யாமல் சேராதீர்கள். மேலே சொன்ன அகில இந்தியத் தேர்வில் எஸ்.ஆர்.எஃப். ரேங்க், உயிரியல் பாடத்தில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஏ.எஸ்.ஆர்.பி. நெட் வேறு, இது வேறு), முதுநிலையில் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர் என்ற மத்திய அரசு உதவித்தொகை, கைடின் ப்ராஜெக்டில் ஆய்வாளர் பணி என்று வழிகள் உண்டு. மத்திய அரசின் பொதுவான ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000 ரூபாய். பணம் மாதாமாதம் வராது, மொத்தமாக எப்போதாவது வரும். ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பதும் சரியாக இந்த ஆறு மாதத்தில்தான்.

5. முதல் வருடம்

ஐ.சி.ஏ.ஆர். பாடத்திட்டப்படி பிஎச்.டி.க்கு மொத்தம் 100 கிரெடிட். முதன்மைப் பாடம் 12, துணைப் பாடம் 6, ஆதரவுப் பாடம் 5, கருத்தரங்கு 2, மீதி 75 ஆய்வுக்கு. எடை எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிகிறது. ஆனாலும் ஆதரவுப் பாடத்தில் புள்ளியியலை எடுத்து ஒழுங்காகப் படியுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் விழும் குழி இது. 18 ஆடுகளை வாங்குகிறீர்கள். மூன்று தீவனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆடு. ஆறையும் ஒரே பட்டியில் அடைத்து ஒரே தொட்டியில் தீவனம் போடுகிறீர்கள். உங்களிடம் எத்தனை மாதிரிகள் இருக்கின்றன? பதினெட்டு என்பீர்கள். தீவனம் பட்டிக்குத்தான் போனது, ஆட்டுக்குப் போகவில்லை. எந்த ஆடு எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியாது. தீவன உட்கொள்ளலைப் பொறுத்தவரை ஒரு தீவனத்துக்கு ஒரே ஒரு மாதிரி. வெளித்தேர்வாளர் ஐந்து நிமிடத்தில் இதைப் பிடித்துவிடுவார். அப்போது ஆடுகள் விற்றுப்போயிருக்கும். புள்ளியியல் ஆசிரியரைச் சோதனைக்கு முன்னால் போய்ப் பாருங்கள். முடிந்த பிறகு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

சினாப்சிஸ் எழுதும் முன் கிரிஷிகோஷ் தளத்தில் பழைய வேளாண், கால்நடைத் தீசிஸ்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் தலைப்பு வேறொரு கல்லூரியில் ஏற்கனவே முடிந்திருக்கலாம். ஆலோசனைக் குழுவில் துணைப் பாடத் துறையிலிருந்து வரும் உறுப்பினர் சும்மா கையெழுத்துப் போடுபவராக இல்லாமல், அவர் ஆய்வகத்தில் ஒரு கருவியாவது உங்களுக்குத் தேவைப்படும்படி தேர்ந்தெடுங்கள். பாடங்கள் முடிந்ததும் எழுத்து, வாய்மொழி என இரண்டும் கொண்ட தகுதித் தேர்வு வரும். அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை, படிக்கவேண்டும்.

6. நெறிக்குழு அனுமதி

விலங்கைத் தொடும் முன் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதற்கு அடிப்படை. மத்திய அரசின் கண்காணிப்புக் குழு நியமிக்கும் வெளி உறுப்பினர்களும் நெறிக்குழுவில் இருப்பார்கள். எலி, முயல் போன்ற சிறு விலங்குகளுக்கு நிறுவன அளவில் முடிந்துவிடும். பெரிய விலங்குகளில் ஊடுருவும் சோதனை என்றால் மத்தியக் குழுவரை கோப்பு போகவேண்டி வரலாம். காட்டுவிலங்கு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தனி.

விண்ணப்பத்தில் "ஏன் இத்தனை விலங்குகள்?" என்ற கேள்விக்கு "முந்தைய ஆய்வுகளில் ஆறு எடுத்தார்கள்" என்று எழுதினால் திரும்பி வரும். எதிர்பார்க்கும் வித்தியாசம், அளவீட்டின் ஏற்ற இறக்கம் இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சோதனை முடிந்ததும் விலங்குகள் எங்கே போகும் என்பதையும் எழுதவேண்டும். குழு வருடத்தில் சில முறைதான் கூடும். சினாப்சிஸ் வரைவு தயாரானதுமே நெறிக்குழு விண்ணப்பத்தையும் கூடவே எழுதத் தொடங்குங்கள்.

உங்கள் உடம்புக்கான அனுமதியும் இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். கருச்சிதைவு நோய் சந்தேகம் உள்ள மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். புருசெல்லா மனிதனுக்கும் வரும், வந்தால் காய்ச்சல் மாதக்கணக்கில் படுத்தும்.

7. கொட்டிலில்

செரிமானச் சோதனையை எடுத்துக்கொள்வோம், ஊட்டச்சத்தில் ஆய்வு செய்யும் எல்லோரும் தாண்டவேண்டிய வாசல். பெரும்பாலும் கிடாக்களைத்தான் எடுப்போம். கிடாவில் சிறுநீரும் புழுக்கையும் கலக்காமல் தனித்தனியாகச் சேரும். புதுத் தீவனத்துக்கு மூன்று வாரம் பழக்கவேண்டும். பிறகு கூண்டில் ஏற்றி ஆறேழு நாள் சேகரிப்பு.

அந்த ஏழு நாளும் நாள் தவறாமல் ஒரே நேரத்துக்குப் போகவேண்டும். காலை ஏழு என்றால் ஏழு. மிச்சத் தீவனத்தை எடைபோட்டு, 24 மணி நேரப் புழுக்கையை எடைபோட்டு, கலக்கி, அதில் ஒரு பங்கை உலர்த்தும் அடுப்புக்கும் இன்னொரு சிறு பங்கைக் கந்தக அமிலம் ஊற்றிய பாட்டிலுக்கும் எடுக்கவேண்டும். அமிலம் எதற்கென்றால், ஈரப் புழுக்கையில் உள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். பறந்தால் ஆடு புரதத்தை நன்றாகச் செரித்தது போலப் பொய்க்கணக்கு காட்டும். சிறுநீர்ப் பாட்டிலிலும் இதே காரணத்துக்காக அமிலம்.

என் சோதனையில் நான்காம் நாள் எல்லா எண்ணும் ஒழுங்காக இருந்தது. கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்த பண்ணை அண்ணன், "தம்பி, நாலாம் நம்பரு காலையிலிருந்து அசையே போடல பாருங்க" என்றார். நான் தராசைப் பார்த்தேன், அவர் ஆட்டின் வாயைப் பார்த்தார். மதியம் அது தீவனத்தைத் தொடவில்லை. வெப்பமானி வைத்துப் பார்த்தபோது காய்ச்சல். அன்றே அதைச் சோதனையிலிருந்து விலக்கிச் சிகிச்சை கொடுத்தோம். அவர் சொல்லாமல் இருந்தால் நோயுற்ற ஆட்டின் எண்கள் என் அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். பண்ணை ஆட்களோடு சேர்ந்து டீ குடியுங்கள். தீசிஸின் நன்றியுரையில் அவர்கள் பெயரைக் கைடுக்கு அடுத்தே போடுங்கள்.

சின்ன விஷயங்கள் சில: காதுத்தோடு ஒன்று போதாது, வேலியில் மாட்டி அறுந்துவிடும், இரண்டு காதிலும் போடுங்கள். தீவனத்தை மொத்தமாக ஒரே தடவை வாங்குங்கள், இரண்டாம் லோடு கடலைக்கொடியின் புரதம் முதல் லோடு போல இருக்காது. கூடுதலாக இரண்டு விலங்குகளை முதலிலேயே அனுமதியில் சேர்த்துக் கேளுங்கள். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரித் தடுப்பூசிகளைச் சோதனை தொடங்கும் முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

8. ஃப்ரீசர்

மாதிரிகளை எப்போதும் இரண்டாகப் பிரித்து இரண்டு வெவ்வேறு ஃப்ரீசரில் வையுங்கள். சீரம் என்றால் மைனஸ் 20 போதும், ஆர்.என்.ஏ. என்றால் மைனஸ் 80. நான் ஒரே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தை அலங்கரித்தவர்கள் சீரியல் லைட்டுக்கு ப்ளக் பாயின்ட் தேடியிருக்கிறார்கள். மூன்று நாள் விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர், ஃப்ரீசர் மேல் சந்தனப் பொட்டு. எட்டு மாதச் சீரம். யாரைத் திட்டுவது? அடுத்த நாளே ப்ளக்கின் மேல் செலோடேப் ஒட்டி, "கழற்றாதீர்கள், உள்ளே ஒரு டாக்டர் பட்டம் இருக்கிறது" என்று எழுதி வைத்தேன்.

தரவுக்கும் இதே விதி. கொட்டில் நோட்டுப் புத்தகத்தை அன்றன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். ஆடு பேப்பர் தின்னும்.

9. எழுதுவதும் வைவாவும்

ஆய்வு முடிந்த பிறகு எழுதலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். செய்முறை அத்தியாயத்தைச் சோதனை நடக்கும்போதே எழுதுங்கள். எந்தக் கம்பெனி கிட், எத்தனை சுற்று வேகத்தில் எவ்வளவு நேரம் சுழற்றினீர்கள் என்பதெல்லாம் ஒரு வருடம் கழித்து நினைவில் இருக்காது. இலக்கிய மீளாய்வை முதல் வருடச் சினாப்சிஸிலிருந்தே வளர்த்துக்கொண்டு வாருங்கள்.

எழுத்துத் திருட்டு பற்றி யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை தெளிவாக இருக்கிறது. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்கவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கால்நடைத் தீசிஸில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் செய்முறைப் பகுதிதான், சீனியரின் தீசிஸிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவதால். உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள்.

வைவாவில் (தீசிஸ் மீதான வாய்மொழித் தேர்வு) புத்தகக் கேள்வியைவிடக் கொட்டில் கேள்விகள்தான் அதிகம் வரும். "எத்தனை ஆடு செத்தது? ஏன்?" "அட்டவணை 14இல் ஆறில் ஐந்துதான் இருக்கிறதே, ஆறாவது எங்கே?" செத்ததை மறைக்காமல், பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கையில் எடுத்துப் போங்கள். நாலாம் நம்பரைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். காய்ச்சல் அளவு, விலக்கிய நாள், கொடுத்த மருந்து எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வைவா முடிந்து மாலையைக் கழற்றிய பிறகும் ஒரு வேலை பாக்கி: நோ டியூஸ், அதாவது எதுவும் பாக்கி இல்லை என்ற சான்று. நூலகம், விடுதி, ஆய்வகம் எல்லாம் சுலபம். பண்ணையில்தான் நேரம் எடுக்கும். கூண்டு எத்தனை, தீவனத் தொட்டி எத்தனை, கயிறு எத்தனை என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணித்தான் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு ஒரு கயிறு குறைந்தது, கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.